பேப்பர் வாலட்டை அச்சிடும் முன்

"காகிதத்தை எப்படி ஹேக் செய்வான்?" கிரிப்டோவை எக்ஸ்சேஞ்சிலிருந்து (அதை வாங்கி விற்கும் தளத்திலிருந்து) வெளியே எடுத்துப் பத்திரப்படுத்த நினைக்கிறவர்களிடம் யாராவது ஒருவர் கட்டாயம் இப்படிக் கேட்டிருப்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. காகிதத்துக்கு வைஃபை கிடையாது, வைரஸ் ஒட்டாது, அப்டேட் கேட்காது. ஒரு இணையதளத்தைத் திறந்து, மவுஸை அப்படியும் இப்படியும் கொஞ்ச நேரம் ஆட்டி, இரண்டு க்யூஆர் கோடு (ஒன்று பணம் வரும் முகவரி, மற்றது அதைச் செலவழிக்கும் ரகசியச் சாவி) போட்ட ஒரு தாளை அச்சிட்டு பீரோவில் வைத்துப் பூட்டினால் வேலை முடிந்தது. இந்தத் தாள்தான் பேப்பர் வாலட். சாவியைக் காக்கவென்றே விற்கும் சிறு கருவியான ஹார்ட்வேர் வாலட் வாங்கும் காசும் மிச்சம்.

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். இப்போது யாராவது கேட்டால் வாலட் காட்டும் மீட்பு வார்த்தைகளைக் காகிதத்தில் கையால் எழுதி வையுங்கள், பேப்பர் வாலட் மட்டும் அச்சிடாதீர்கள் என்று சொல்கிறேன். இரண்டும் காகிதம்தானே, என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். அந்த வித்தியாசத்தை விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு அடிப்படை. வாலட்டுக்குள் காசு எதுவும் இல்லை. யாரிடம் எவ்வளவு என்ற கணக்கு பிளாக்செயின் என்ற பொதுக் கணக்கேட்டில், ஊருக்கே தெரியும்படி இருக்கிறது. நம்மிடம் இருப்பது ரகசியச் சாவி மட்டும். பிட்காயினில் அது 256 பிட் நீளமுள்ள ஒரு எண். அந்த எண் யாருக்குத் தெரியுமோ அவர்தான் உரிமையாளர். திருடியவரையும் உரியவரையும் பிரித்துப் பார்க்க அந்த அமைப்புக்குத் தெரியாது. ஆகவே எதில் பத்திரமாக வைப்பது என்று கேட்கும்போது மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். அந்த எண் எங்கே பிறக்கிறது, எங்கே கிடக்கிறது, செலவு செய்யும்போது எங்கே வெளியே வருகிறது. பேப்பர் வாலட்டைப் புகழ்கிறவர்கள் நடுவில் உள்ள ஒன்றை மட்டும்தான் பேசுகிறார்கள். காசு போனதெல்லாம் பெரும்பாலும் மற்ற இரண்டில்.

எக்ஸ்சேஞ்சிலேயே விட்டுவைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2014-இல் மவுண்ட் காக்ஸ், 2022-இல் எஃப்டிஎக்ஸ் என்று பெரிய எக்ஸ்சேஞ்சுகளே வாடிக்கையாளர் பணத்தோடு கவிழ்ந்தன. சாவி அவர்களிடம் இருக்கும்வரை நம்மிடம் இருப்பது அவர்கள் கொடுத்த வாக்குறுதி மட்டும்தான். அடிக்கடி வாங்கி விற்கிறவர்களுக்கு அந்த அளவு பணம் அங்கே இருந்துதான் ஆக வேண்டும், அது வேறு விஷயம். போன் வாலட்டும் அப்படித்தான், சட்டைப் பையில் வைத்திருக்கும் பணம் மாதிரி. தொலைந்தால் மனசு கஷ்டப்படும், வாழ்க்கை நின்றுவிடாது என்கிற அளவுக்கு அதில் வைத்துக்கொள்ளலாம். கேள்வியே நெடுநாள் சேமிப்பைப் பற்றித்தான்.

சாவி பிறக்கும் இடம்

பேப்பர் வாலட்டை உருவாக்கும் இணையதளம் ஒரு எண்ணைத் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கிறது என்று நாம் நம்புகிறோம். அந்தத் தற்செயல் உண்மையானதுதானா என்பதைக் கையில் உள்ள தாளைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியே கிடையாது. நல்ல சாவியும் கெட்ட சாவியும் அச்சில் ஒரே மாதிரிதான் இருக்கும்.

வாலட்ஜெனரேட்டர் டாட் நெட் என்று ஒரு தளம் இருந்தது. பலரும் பயன்படுத்திய தளம், மூலநிரலை கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருந்தது. 2019 மே மாதம் மைகிரிப்டோ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். கிட்ஹப்பில் இருந்த நிரல் வேறு, தளம் உண்மையில் அனுப்பிய நிரல் வேறு. தளத்தில் ஓடிய நிரல் ஒரே சாவியைப் பலருக்கும் கொடுக்கக்கூடியதாக இருந்தது. 2018 ஆகஸ்ட்டுக்குப் பிறகு அங்கே வாலட் அச்சிட்டவர்கள் எல்லோரும் உடனே பணத்தை வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள் என்று எச்சரிக்க வேண்டியதாயிற்று. அதுவரை அந்தத் தாள்கள் எத்தனை பீரோக்களில், எத்தனை லாக்கர்களில் பத்திரமாகக் கிடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தாளைத் தொடாமலே அதிலுள்ள காசை எடுக்கலாம் என்றால் பூட்டு எதற்கு?

இதில் ஏமாற்று இருந்ததாகவே வைத்துக்கொள்வோம். ஏமாற்று இல்லாமலும் இதே கதை நடந்திருக்கிறது. 2011 முதல் சுமார் 2015 வரை பல வாலட் தளங்கள் பயன்படுத்திய பிட்காயின்ஜேஎஸ் என்ற நிரல் தொகுப்பில், அந்தக் கால பிரவுசர்களின் பலவீனமான தற்செயல் எண்களால் சாவிகள் ஊகிக்கக்கூடியவையாகப் போயின. 2023 நவம்பரில் இது ராண்ட்ஸ்டார்ம் என்ற பெயரில் வெளியே வந்தது. அதே ஆண்டு ஜூலையில் இன்னொன்று. லிப்பிட்காயின் எக்ஸ்ப்ளோரர் என்ற கருவி 256 பிட் சாவி தருகிறேன் என்று சொல்லிவிட்டு, உள்ளே வெறும் 32 பிட் தற்செயலை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. 32 பிட் என்றால் சுமார் 430 கோடி வாய்ப்புகள். கேட்கப் பெரிதாக இருந்தாலும் ஒரு சாதாரண கணினி அத்தனையையும் அலசிவிடும். அலசினார்கள், எடுத்துக்கொண்டு போனார்கள். இந்தக் குறைக்கு மில்க் சேட் என்று பெயர், ஏனென்றால் அந்தக் கருவிக்குப் பூஜ்ஜியத்தைக் கொடுத்தால் வரும் சொற்றொடரின் (சாவியைத் திரும்ப உருவாக்க உதவும் வார்த்தை வரிசையின்) முதல் இரண்டு வார்த்தைகள் அவை. பாலும் சோகமும். பெயர் வைத்தவர்களுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். தளத்தை டவுன்லோடு செய்து, இணையம் இல்லாத கணினியில், யுஎஸ்பியிலிருந்து ஓடும் புதிய இயங்குதளத்தில் திறந்து, வயரில் இணைத்த பிரின்டரில் அச்சிட வேண்டும் என்பார்கள். சரிதான். இணையம் வழியாகச் சாவி கசிவதை அது தடுக்கும். ஆனால் டவுன்லோடு செய்த நிரலே பலவீனமான சாவியைக் கொடுத்தால் இணையத்தைத் துண்டித்து என்ன பயன்? பிரின்டர் வேறு தனக்கென்று நினைவகம் வைத்திருக்கிறது. அலுவலக பிரின்டர்கள் சிலவற்றில் ஹார்டு டிஸ்கே உண்டு, அச்சிட்டது அதில் தங்கிவிடலாம். இத்தனையையும் பார்த்துப் பார்த்துச் செய்யத் தெரிந்தவருக்கு பேப்பர் வாலட் தேவைப்படாது. இது தேவைப்படுகிறவர்களோ இதையெல்லாம் செய்யப் போவதில்லை.

கணினியை நம்பவே மாட்டேன் என்கிறவர்களுக்கு பகடை இருக்கிறது. ஆறு முகப் பகடையை 99 முறை உருட்டினால் ஏறக்குறைய 256 பிட் தற்செயல் கிடைக்கும், 50 முறையில் 128 பிட்டைத் தாண்டிவிடும். சில ஹார்ட்வேர் வாலட்டுகள் இந்த எண்களை வாங்கிக்கொண்டு சாவி உருவாக்கித் தருகின்றன. கை வலிக்கும், ஆனால் யாரையும் நம்ப வேண்டாம். மனசிலேயே ஒரு வாக்கியத்தை வைத்து அதிலிருந்து சாவி செய்கிறேன் என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள். மனிதன் தேர்ந்தெடுக்கும் வாக்கியங்களை வரிசையாக முயன்று பார்ப்பதற்கென்றே மென்பொருள்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

தாள் கிடக்கும் இடம்

பேப்பர் வாலட்டுக்கு ஓரளவு நல்ல மதிப்பெண் இங்கேதான் கிடைக்கும். இருந்தாலும் ஓட்டைகள் உண்டு. இங்க்ஜெட் மை தண்ணீர் பட்டால் ஓடும். ரசீது அடிக்கும் வெப்பத் தாள் சில வருடங்களில் வெளுத்துவிடும். லேசர் பிரின்ட் தாங்கும் என்று நம்பி ஒன்றை பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தேன். கோடைக்காலம் முடிந்து எடுத்தபோது க்யூஆர் கோட்டின் ஒரு மூலை தாளிலிருந்து உரிந்து உறையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் இருந்தது சோதனைக்காகப் போட்ட அற்பத் தொகை, க்யூஆர் கோட்டில் பிழை திருத்தும் வசதி இருப்பதால் ஸ்கேனும் ஆகிவிட்டது. ஆனால் அன்றோடு எனக்கு அச்சின் மேல் இருந்த பக்தி போய்விட்டது.

இன்னொரு சங்கடம், ரகசியம் வெளியே தெரிகிற மாதிரி இருப்பது. 2013 டிசம்பரில் ப்ளூம்பெர்க் தொலைக்காட்சியில் மேட் மில்லர் என்ற நெறியாளர் சக நெறியாளர்களுக்குப் பிட்காயின் பேப்பர் வாலட்டைப் பரிசாகக் கொடுத்தார். ஒருவர் அதைப் பிரித்துக் கேமரா முன்னால் காட்டினார். திரையில் க்யூஆர் கோடு சில நொடிகள்தான் தெரிந்தது. நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் போனை எடுத்து ஸ்கேன் செய்து 20 டாலர் மதிப்புள்ள பிட்காயினைச் சுருட்டிக்கொண்டார். க்யூஆர் கோடு என்பது கேமராவுக்குச் சுலபமாக இருக்க வேண்டும் என்றே செய்யப்பட்டது, யார் கேமரா என்று அது பார்க்காது. நம் வீட்டில் தொலைக்காட்சிக் கேமரா வராது, ஆனால் ஞாபகத்துக்காக நாமே போனில் ஒரு படம் எடுத்து வைப்போம். அது நம்மைக் கேட்காமலே கிளவுடுக்கு ஏறிவிடும்.

இதற்கு மருந்தாகச் சொல்லப்படுவது பிஐபி 38. சாவியை ஒரு கடவுச்சொல்லால் பூட்டி அச்சிடும் முறை, தாள் திருட்டுப் போனாலும் கடவுச்சொல் இல்லாமல் பயன்படாது. நல்ல யோசனைதான். ஆனால் இப்போது காப்பாற்ற வேண்டியவை இரண்டாகிவிட்டன. ஸ்டீஃபன் தாமஸ் என்ற நிரலாளரின் கதை உலகத்துக்கே தெரியும். 7,002 பிட்காயின்களின் சாவிகள் ஒரு யுஎஸ்பி டிரைவில் இருக்கின்றன. தவறான கடவுச்சொல்லைப் பத்து முறை கொடுத்தால் அது நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். கடவுச்சொல்லை எழுதி வைத்த காகிதம் தொலைந்துவிட்டது. 2021-இல் செய்தி வெளியானபோது எட்டு முயற்சிகள் தீர்ந்திருந்தன. திருடன் பக்கமே வராமல் இவ்வளவும்.

செலவு செய்யும் நாள்

பேப்பர் வாலட்டின் உண்மையான பொறி இது. சேமிக்கிற அன்றைக்கு யாரும் இதை நினைப்பதில்லை.

தாளில் ஒரு பிட்காயின் இருக்கிறது, அதில் பத்தில் ஒரு பங்கை மட்டும் அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பிட்காயினில் ஒரு முகவரிக்கு வந்த தொகையைப் பிய்த்து எடுக்க முடியாது. பெரிய நோட்டைக் கொடுத்துச் சில்லறை வாங்குவது போல, வந்த தொகை முழுவதும் வெளியேறும், போக வேண்டியது போகும், மிச்சம் திரும்பி வரும். எங்கே திரும்பி வரும்? பல வாலட் மென்பொருள்கள் மிச்சத்தைப் புதிதாக ஒரு முகவரி உருவாக்கி அதில் போடும். அந்த முகவரியின் சாவி மென்பொருளில் இருக்கிறது, உங்கள் தாளில் இல்லை. தாளில் இன்னும் 0.9 பாக்கி இருக்கிறது என்று நம்பி மென்பொருளை நீக்கினால் 0.9-உம் அதோடு போய்விடும். ஆரம்ப காலத்தில் இப்படிப் பணத்தை இழந்தவர்கள் உண்டு. (ஈத்தர் என்ற இன்னொரு கிரிப்டோவில் இந்தத் தொல்லை இல்லை, அது வங்கிக் கணக்கு மாதிரி இருப்பைக் கழித்துக் கூட்டுகிறது.)

மிச்சம் சரியாக வந்தாலும் சிக்கல் தீரவில்லை. செலவு செய்ய வேண்டுமென்றால் தாளில் உள்ள சாவியை ஏதாவது ஒரு போனிலோ கணினியிலோ கொடுத்துத்தான் ஆக வேண்டும். அத்தனை வருடம் இணையம் பக்கமே போகாமல் காத்த சாவி, கிளிக் செய்யக்கூடாத லிங்க்குகளையெல்லாம் கிளிக் செய்யும் அதே போனுக்குள் முழுசாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. அந்த நிமிடத்திலிருந்து அது சாதாரணப் போன் வாலட். அதனால்தான் பேப்பர் வாலட்டை ஒரே ஒரு முறைதான் செலவழிக்கலாம், அதுவும் முழுத் தொகையையும் சேர்த்து. ஒரே முகவரி என்பதால் அதைத் தெரிந்துகொண்ட எவரும் அதில் இன்றுவரை வந்ததையும் போனதையும் பார்த்துவிடலாம் என்பது உபரி.

ஹார்ட்வேர் வாலட்டின் பலம் எல்லாம் இந்த இடத்தில்தான். சாவி கருவிக்குள்ளேயே பிறக்கிறது, கருவியை விட்டு வெளியே வருவதில்லை. செலவு செய்யும்போது பரிவர்த்தனைதான் கருவிக்குள் போகிறது, கையெழுத்து மட்டும் வெளியே வருகிறது. கணினியில் வைரஸ் இருந்தாலும் அதன் கண்ணில் சாவி படாது. எந்த முகவரிக்கு எவ்வளவு போகிறது என்று கருவியின் சின்னத் திரையில் பார்த்து ஒப்புதல் கொடுக்கிறோம். 2014-இல் ட்ரெஸர் என்ற ஹார்ட்வேர் வாலட் வந்ததிலிருந்து இந்த அடிப்படை மாறவில்லை. எத்தனை முறை செலவு செய்தாலும், மிச்சம் எந்த முகவரிக்குப் போனாலும் எல்லாமே ஒரே மூலத்திலிருந்து பிறந்த முகவரிகள்தான்.

அதற்காக இதைக் கும்பிட வேண்டியதில்லை. 2020-இல் கிராக்கன் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், ட்ரெஸர் கருவி 15 நிமிடம் கையில் கிடைத்தால் அதிலிருந்து மூல வார்த்தைகளை (சாவிகள் எல்லாவற்றையும் மீட்கும் வார்த்தைகளை) எடுத்துவிட முடியும் என்று செய்து காட்டினார்கள். கூடுதலாக ஒரு பாஸ்பிரேஸ் (வார்த்தைகளோடு சேர்க்கும் கடவுச்சொல்) வைத்திருந்தால் எடுத்தவருக்குப் பயனில்லை. அதே ஆண்டு இன்னொரு ஹார்ட்வேர் வாலட் நிறுவனமான லெட்ஜரின் வாடிக்கையாளர்களின் விவரங்கள் கசிந்தன, சுமார் 2,72,000 பேரின் பெயரும் வீட்டு முகவரியும் உட்பட. சாவி ஒன்றும் போகவில்லை. ஆனால் யார் வீட்டில் கிரிப்டோ இருக்கிறது என்ற பட்டியல் மோசடிக்காரர்கள் கைக்குப் போனது. அப்புறம் சிலருக்குப் போலிக் கருவிகளே தபாலில் வந்தன. வாங்குவதென்றால் தயாரித்தவர்களிடம் நேரடியாக வாங்குங்கள். பெட்டிக்குள் ஏற்கெனவே வார்த்தைகள் அச்சிட்ட அட்டை இருந்தால் அந்தக் கருவியைத் தொடாதீர்கள். வார்த்தைகள் உங்கள் கண் முன்னால், கருவியின் திரையில்தான் பிறக்க வேண்டும்.

மறுபடியும் காகிதம்

கருவி உடையும், தொலையும். அதற்காக அது முதல் நாளே 12 அல்லது 24 வார்த்தைகளைக் காட்டி எழுதி வைக்கச் சொல்லும். எதில் எழுதுகிறோம்? காகிதத்தில். ஆக ஹார்ட்வேர் வாலட் வாங்கினாலும் காகிதத்தை விட்டு நாம் ஓடிவிடவில்லை. ஆனால் இந்தக் காகிதம் வேறு ரகம். பேப்பர் வாலட்டின் சாவி பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் எண்ணும் கலந்த 51 அல்லது 52 குறிகள், கையால் எழுதினால் தவறு வரும் என்பதால்தான் அச்சுக்கே போகிறார்கள். வார்த்தைகள் 2048 சொற்கள் கொண்ட ஒரு பொதுப் பட்டியலிலிருந்து வருபவை. முதல் நான்கு எழுத்துகளை வைத்தே எந்தச் சொல் என்று சொல்லிவிடலாம், பென்சில் எழுத்து பாதி அழிந்தாலும் மீட்கலாம். 12-இல் ஒன்று மட்டும் படிக்க முடியாமல் போனால் 2048 சொற்களையும் முயன்று பார்த்து மீட்டுக்கொள்ளலாம். பிரின்டர் வேண்டாம், க்யூஆர் வேண்டாம், செலவு செய்யும் நாளில் அந்தத் தாளை எடுக்கவும் வேண்டாம். கருவி போனால்தான் தாளுக்கு வேலை. பேப்பர் வாலட்டில் தாளே பணப்பை, இங்கே தாள் மாற்றுச் சாவி.

அந்தத் தாளில் ஒரு தவறைப் பலர் புத்திசாலித்தனம் என்று நினைத்துச் செய்கிறார்கள். 12 வார்த்தைகளை ஆறு ஆறாக வெட்டி இரண்டு இடங்களில் வைப்பது. ஒரு பாதி கிடைத்தவனுக்கு மிச்சம் இருக்கும் பாதுகாப்பு 128 பிட்டிலிருந்து சுமார் 62 பிட்டுக்குச் சரிந்துவிடும். அதோடு எந்தப் பாதி தொலைந்தாலும் எல்லாம் போச்சு. திருட்டுக்கும் தொலைப்புக்கும் ஒரே நேரத்தில் கதவைத் திறந்து வைக்கிறோம். அதைவிட முழு வார்த்தைகளை இரண்டு இடங்களில் வைத்து, பாஸ்பிரேஸை மூன்றாவது இடத்தில் எழுதி வைப்பது மேல். எழுதி வைப்பது என்று அழுத்திச் சொல்கிறேன், தாள் தொலைந்த பிறகு கடவுச்சொல் நினைவுக்கு வராத ஸ்டீஃபன் தாமஸைப் பாருங்கள்.

தீயை நினைத்துப் பயந்தால் உலோகத் தகடு. காகிதம் சுமார் 230 டிகிரி செல்சியஸில் பற்றிக்கொள்ளும், எவர்சில்வர் உருக 1400 டிகிரி வேண்டும். அலுமினியம் 660-லேயே உருகிவிடும், ஆகவே மலிவாகக் கிடைக்கிறது என்று அதை வாங்காதீர்கள். எழுத்தை ஆணியால் புள்ளி வைத்துக் குத்தினாலே போதும்.

மல்டிசிக் பற்றியும் கேட்பார்கள். மூன்று சாவிகளில் இரண்டு கையெழுத்திட்டால்தான் பணம் நகரும் என்கிற ஏற்பாடு. பெரிய தொகைக்கு, அல்லது குடும்பமாகவோ கூட்டாகவோ வைத்திருப்பவர்களுக்கு நல்லது. தனி ஆளுக்குப் பெரும்பாலும் தலைவலி. 2025 பிப்ரவரியில் பைபிட் எக்ஸ்சேஞ்சில் சுமார் 150 கோடி டாலர் திருட்டுப் போனபோது அங்கே மல்டிசிக்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டவர்கள் திரையில் பார்த்தது ஒன்று, கையெழுத்துப் போட்டது வேறொன்று. எத்தனை பூட்டு போட்டாலும் என்ன படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறோம் என்பது பாக்கி இருக்கத்தான் செய்கிறது.

ஆக என் தேர்வு: நெடுநாள் சேமிப்பு என்றால் ஹார்ட்வேர் வாலட், கையால் எழுதிய வார்த்தைகள் இரண்டு இடத்தில். தொகை சின்னது, கருவிக்குக் காசு போட மனசில்லை என்றால் மூலநிரல் திறந்த ஒரு போன் வாலட், அதன் வார்த்தைகளும் கையால் எழுதியபடி. இதுகூட பேப்பர் வாலட்டைவிட மேல். எதைத் தேர்ந்தெடுத்தாலும் பெரிய தொகையை ஏற்றுவதற்கு முன் ஒரு சின்னத் தொகையை அனுப்பிவிட்டு, வாலட்டை முழுசாக அழித்து, எழுதி வைத்ததை மட்டும் வைத்து மீட்டுப் பாருங்கள். அரை மணி நேர வேலை. இதைச் செய்யாத காப்புத் தாளை நான் காப்பு என்றே கணக்கில் எடுப்பதில்லை. பரிசாகக் கொடுக்கவாவது பேப்பர் வாலட் ஆகாதா என்றால், கொடுத்தவருக்கும் அந்தச் சாவி தெரியும் என்பதை வாங்குகிறவரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

ஏற்கெனவே அச்சிட்ட தாள் கையில் இருக்கிறது என்றால் பதற வேண்டாம், ஆனால் தள்ளியும் போடாதீர்கள். முதலில் புதிய வாலட்டைத் தயார் செய்து மீட்புச் சோதனையை முடியுங்கள். பிறகு சாவியை வாலட்டுக்குள் இறக்குமதி செய்வதற்குப் பதிலாக 'ஸ்வீப்' என்ற வசதி உள்ள வாலட்டில் தாளை ஸ்கேன் செய்து, முழுத் தொகையையும் ஒரே பரிவர்த்தனையில் புதிய முகவரிக்கு நகர்த்துங்கள். இருப்பைப் பார்த்துத் தருகிறோம், சாவியைக் கொடுங்கள் என்று கேட்கும் இணையதளம் எதிலும் அதை அடிக்காதீர்கள், இருப்பைப் பார்க்க முகவரி மட்டும் போதும். அந்தப் பரிவர்த்தனைக்கு பிளாக்செயினில் ஆறு உறுதிப்படுத்தல்கள் வரும்வரை காத்திருங்கள். தாளைக் கிழித்துப் போடவும் வேண்டாம். அந்தப் பழைய முகவரியை எப்போதோ குறித்து வைத்துக்கொண்ட யாராவது மறுபடியும் அதற்கே பணம் அனுப்பலாம். 'காலி' என்று பெரிதாக எழுதி, தேதி போட்டு, இருந்த இடத்திலேயே வையுங்கள்.